அண்ணாந்து பார்த்தால் ஒரு தனி ஊர்! பறவைக்கூட்டுப் பெரணியின் உள்வீட்டு ரகசியங்கள்

தெலுக் பிளாங்கா, ஹெண்டர்சன் ரோடு, டெப்போ ரோடு என்று புக்கிட் மேராவில் எங்கே பேருந்துக்கு நின்றாலும் சரி, கைப்பேசியை ஒரு நிமிடம் பைக்குள் போட்டுவிட்டு அண்ணாந்து பாருங்கள். தூங்குமூஞ்சி மரம் ஒன்று கிளை விரித்து நிற்கும். அதன் கவட்டில் பளபளவென்று ஒரு பச்சைக் கூடை உட்கார்ந்திருக்கும். இலை ஒவ்வொன்றும் கை அகலம், ஒரு மீட்டர் நீளம். நடுவே கறுத்த நரம்பு. சுற்றிச் சுற்றி அடுக்கியதுபோக, நடுவில் ஒரு பள்ளம்.

அதுதான் நம் கதாநாயகி! பறவைக்கூட்டுப் பெரணி. தாவரவியலில் ஆஸ்பிளேனியம் நைடஸ் என்பார்கள். 1753-இல் லின்னேயஸ் வைத்த பெயர். பிறந்த வீடு மழைக்காடு. வாழ்வதோ வீவக புளோக்கின் தாழ்வாரத்தில், கடைத்தொகுதியின் வாசலில், கல்யாண மேடையின் ஓரத்தில், சாலையோர மரத்தின் தோளில். சிங்கப்பூரில் இவளைப் பார்க்காமல் ஒரு நாள் கழிவது கடினம். ஆனால் பார்ப்பது எல்லாம் வெளி அலங்காரத்தை மட்டும்தான். அந்தப் பள்ளத்துக்குள் என்ன நடக்கிறது? இலையின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது? கடையில் விற்கும் குட்டிச்செடி எங்கே, எப்படிப் பிறக்கிறது? வாங்க, திரையை விலக்கிக் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடலாம்!

மேலிருந்து எட்டிப் பார்க்க ஒரு பாலம்

கீழே நின்று பார்த்தால் இவளின் அடிவயிறு மட்டும்தான் தெரியும். முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் மரத்தின் உயரத்துக்கு நாம் போக வேண்டும். அதற்கென்றே ஒரு வழி புக்கிட் மேராவுக்குள் இருக்கிறது என்பதுதான் நம் அதிர்ஷ்டம்!

மவுண்ட் ஃபேபரில் தொடங்கி, ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தைக் கடந்து, தெலுக் பிளாங்கா குன்றுக்குள் நுழையுங்கள். ஹெண்டர்சன் வேவ்ஸ் சாலையிலிருந்து 36 மீட்டர் உயரத்தில் நெளிந்து போகிறது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் வருவது ஃபாரஸ்ட் வாக். இரும்புக் கம்பி வலை போட்ட நடைபாதை, தரையிலிருந்து 3 மீட்டர் முதல் 18 மீட்டர் வரை உயர்ந்து காட்டின் தலைக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். காலடியில் வலை; வலைக்குக் கீழே மரங்களின் உச்சி. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்க ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது.

இங்கே நின்று ஒரு பறவைக்கூட்டுப் பெரணியை மேலிருந்து பார்க்கும்போது மனசு துள்ளுகிறது! பச்சை இலைகள் வட்டமாக விரிந்து ஒரு புனல். புனலின் அடியில் சருகுகள். மேலாக நேற்று விழுந்தவை மஞ்சளாக, அதற்குக் கீழே பழையவை பழுப்பாக, அதற்கும் கீழே இருப்பது டிகாஷன் இறக்கிய காப்பித்தூள் மாதிரி கறுப்பாக, ஈரமாக, பொலபொலவென்று. நடுவில் இன்னும் விரியாத இளம் இலைகள் நுனி சுருண்டு, வெளிர்பச்சையில் மினுங்கிக்கொண்டு நிற்கின்றன.

அந்தச் சருகுக் குழிதான் இவளின் சமையலறை. மண் இல்லாத இடத்தில் வாழ்கிறவள் அல்லவா? மரத்தின் சாற்றை இவள் உறிஞ்சுவதில்லை, ஒட்டுண்ணி இல்லை. உட்கார இடம் மட்டும் மரத்திடம் வாங்கிக்கொள்கிறாள். சாப்பாட்டைத் தானே ஏற்பாடு செய்துகொள்கிறாள். மேலிருந்து விழும் இலை, பூ, காம்பு, பறவை எச்சம், தூசி என்று எது வந்தாலும் புனலுக்குள் வாங்கி வைத்துக்கொண்டு மக்கவிடுகிறாள். மக்கியது உரமாகிறது. அடியில் பின்னிப் பிணைந்து கிடக்கும் பழுப்பு வேர்க்கட்டி மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு, வெயில் நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு செய்கிறது. காற்றில் தொங்கிக்கொண்டே தனக்கான மண்ணைத் தானே தயாரிக்கிற செடி!

கூடைக்குள் குடியிருப்பது யார்?

மண் என்று வந்துவிட்டால் குடித்தனக்காரர்கள் வராமல் இருப்பார்களா? எறும்பு, கறையான், பூரான், கரப்பான், சிலந்தி, வண்டு என்று கூட்டமாகக் குடிவந்துவிடுகிறார்கள்.

எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஃபார்னன் எல்வுட், வில்லியம் ஃபாஸ்டர் இருவரும். போர்னியோவில், சபா மாநிலத்தின் டானும் பள்ளத்தாக்கு மழைக்காட்டில் உயரமான மரங்களின் மீது ஏறி, இதே பெரணியை அப்படியே இறக்கி, உள்ளே இருந்த பூச்சி புழுக்களை எல்லாம் பிரித்து எடை போட்டார்கள். பெரிய செடி ஒன்று ஈரத்தோடு சேர்த்து 200 கிலோ வரை இருக்கும் என்று தெரிந்தது. அதைவிடப் பெரிய ஆச்சரியம், அப்படிப்பட்ட ஒரே ஒரு பெரணிக்குள் வசிக்கும் சிற்றுயிர்களின் எடை, அந்த மரத்தின் மீதி உச்சி முழுவதும் வசிக்கும் சிற்றுயிர்களின் எடைக்குச் சமமாக வந்ததுதான்! மழைக்காட்டின் கூரையில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்ற பழைய கணக்கையே இரட்டிப்பாக்கிவிட்டது இந்தச் செடி. 2004-இல் 'நேச்சர்' இதழில் அந்த ஆய்வு வெளியானது.

வாடகைக்கு வருபவர்கள் பூச்சிகள் மட்டும் இல்லை. வேர்க்கட்டியின் அடியிலிருந்து பச்சை ரிப்பன்கள் தொங்குவதைச் சில இடங்களில் பார்க்கலாம். அவை வேறொரு பெரணி! ஓஃபியோகிளாசம் பெண்டுலம் என்ற அந்த ரிப்பன் பெரணிக்குப் பிடித்த இடம் இன்னொரு பெரணியின் வேர்தான். பெயரில் பறவைக்கூடு இருக்கிறதே, பறவைகள் உண்மையிலேயே கூடு கட்டுமா என்று கேட்கிறீர்களா? கட்டுவதைவிடச் சுலபமான வழி ஆந்தைகளுக்குத் தெரியும். கட்டிய கூடு ஏற்கெனவே தயாராக இருக்கிறதே என்று புள்ளி மர ஆந்தைகள் நேராக இதற்குள் இறங்கி முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது சிங்கப்பூரிலேயே பதிவாகியிருக்கிறது.

மலாய்க்காரர்களின் பழைய நம்பிக்கையில் இன்னொரு குடித்தனக்காரியும் உண்டு. நீண்ட கூந்தலும் பச்சை ஆடையும் கொண்ட லங்சுயர் என்ற பெண் பேய் ஓய்வெடுக்கும் இடம் இதுதானாம். எங்கள் புளோக்கில் இருக்கும் மக்சிக்கிடம் கேட்டால், "மகரிப் வேளைக்குப் பிறகு அந்த மரத்தடியில் நிற்கக்கூடாது என்று பாட்டி சொல்வார்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். அவர் வீட்டு வாசலில் மூன்று தொட்டிகளில் இதே செடி!

இலையின் முதுகில் ஒரு பீரங்கிப் படை

இப்போது கொஞ்சம் குனிய வேண்டும். தொட்டிச் செடியாகவே இருக்கட்டும். முதிர்ந்த இலை ஒன்றை மெல்லத் திருப்பிப் பாருங்கள். நடு நரம்பிலிருந்து ஓரத்தை நோக்கிச் சாய்வாகப் பழுப்புக் கோடுகள், ஒன்றன்பின் ஒன்றாக, அளவெடுத்து வரைந்தமாதிரி ஒரே இடைவெளியில்! இலையின் மேல்பாதியில்தான் பெரும்பாலும் இருக்கும். ஓரம் வரை போகாது, பாதி வழியில் நின்றுவிடும்.

இதைப் பார்த்துப் பதறி, பூச்சி விழுந்துவிட்டது என்று இலையை வெட்டிப் போடுகிறவர்கள் நிறைய. ஐயோ, வெட்டாதீர்கள்! அது பூச்சி இல்லை, வித்துப்பைகளின் அணிவகுப்பு. பெரணிக்குப் பூ கிடையாது, காய் கிடையாது, விதை கிடையாது. இந்தக் கோடுகளில் உள்ள நுண்ணிய பைகளில்தான் அடுத்த தலைமுறை காத்திருக்கிறது. கோடு ஒழுங்காக, வரிசையாக இருந்தால் அது செடியின் சொந்தச் சொத்து. கண்ட இடத்தில் திட்டுத்திட்டாக, நகத்தால் சுரண்டினால் பிசுபிசுப்போடு பெயர்ந்து வந்தால் அதுதான் செதில் பூச்சி. அதை மட்டும் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஒரு பூதக்கண்ணாடி கிடைத்தால் இன்னும் கிட்டே போகலாம். ஒவ்வொரு பையும் காம்பு வைத்த குட்டி உருண்டை. உருண்டையின் முதுகைச் சுற்றித் தடித்த சுவருள்ள செல்கள் ஒரு வளையமாக ஓடும். பொதுவாக ஒரு பைக்குள் 64 வித்துகள். காற்று உலர்ந்ததும் வளையத்துச் செல்களில் உள்ள நீர் ஆவியாகிறது. செல்கள் சுருங்கச் சுருங்க வளையம் பின்னால் வளைகிறது. பை வாய் பிளக்கிறது. வளைந்து வளைந்து இழுவிசை தாங்காத கட்டத்தில் செல்லுக்குள் இருக்கும் மிச்ச நீரில் சட்டென்று குமிழி வெடிக்கிறது. அவ்வளவுதான்! வளையம் கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு வேகமாக முன்னால் பாய, வித்துகள் சிதறிப் பறக்கின்றன.

2012-இல் 'சயின்ஸ்' இதழில் சேவியர் நோப்ளின் குழுவினர் இந்தக் காட்சியை அதிவேகக் கேமராவில் பிடித்து விளக்கினார்கள். வித்து கிளம்பும் வேகம் நொடிக்கு 10 மீட்டர் வரை. மணிக்கு 36 கிலோமீட்டர்! அவர்கள் படம் பிடித்தது வேறொரு பெரணியை. ஆனால் பையின் பொறியமைப்பு நம் நாயகியிடமும் அதேதான். உங்கள் வீட்டு வாசலில், நீங்கள் துணி காயப்போடும் நேரத்தில், எந்தச் சத்தமும் இல்லாமல் ஆயிரம் பீரங்கிகள் வெடித்துக்கொண்டிருக்கின்றன!

நாற்றங்காலின் உள்ளே: தூளிலிருந்து தொட்டி வரை

சரி, அந்தத் தூள் எப்படிச் செடியாகிறது? இதைத்தான் நாற்றுப்பண்ணைக்காரர்கள் பொறுமையின் உச்சம் என்று சொல்வார்கள்.

முதிர்ந்த இலைத்துண்டைக் காகித உறைக்குள் போட்டு வைத்தால் இரண்டொரு நாளில் பழுப்புத் தூள் அடியில் இறங்கிவிடும். வெந்நீரால் கிருமி நீக்கிய தேங்காய் நார்த்தூளை ஆழமில்லாத தட்டில் பரப்பி, அதன்மேல் இந்தத் தூளைத் தூவி, மண் மூடாமல் அப்படியே விட்டு, மேலே கண்ணாடியோ பிளாஸ்டிக் தாளோ போட்டு மூடுகிறார்கள். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் ஆகாது. ஈரம் ஒரு நாளும் வற்றக்கூடாது.

சில வாரங்கள் கழித்துத் தட்டில் பச்சைப் பாசி படிந்ததாகத் தோன்றும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் வீணாகிவிட்டது என்று கொட்டிவிடுவார்கள். கொட்டக்கூடாது! உற்றுப் பார்த்தால் அது பாசி இல்லை; சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய இதய வடிவத் தகடுகள், ஆயிரக்கணக்கில். வித்திலிருந்து முதலில் முளைப்பது செடி இல்லை, இந்தப் பச்சை இதயம்தான். இதன் அடிப்பக்கத்தில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உருவாகின்றன. அங்கே தண்ணீர்ப் படலம் இருந்தால்தான் ஆணணு நீந்திப் போய்ப் பெண்ணணுவைச் சேர முடியும். அதனால்தான் அந்த மூடிய தட்டும் ஓயாத ஈரமும். கூடல் முடிந்ததும் இதயத்தின் நடுவிலிருந்து ஒரு நூலிழைத் தண்டும் அதன் நுனியில் முதல் இலையும் எட்டிப் பார்க்கின்றன. அதற்குப் பிறகு சின்னக் குழித்தட்டு, அப்புறம் கைக்குள் அடங்கும் தொட்டி, அப்புறம் பெரிய தொட்டி. தூள் தூவிய நாளிலிருந்து கடைக்குக் கிளம்பும் நாள் வரை ஒரு வருடத்துக்கும் மேலே ஓடிவிடும்.

பெரிய நிறுவனங்கள் ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பு முறையில் ஒரே மாதிரிச் செடிகளைப் பெருக்குகின்றன. கண்ணாடிக் குடுவைக்குள் செடி வளர்ப்பது சிங்கப்பூருக்குப் பழகிய கலைதான். நம் பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில், 1928 வாக்கிலேயே எரிக் ஹோல்ட்டம் என்பவர் ஆர்க்கிட் விதைகளைக் குடுவைக்குள் முளைக்க வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஆர்க்கிட்டுக்காகப் பெயர்பெற்ற அதே ஹோல்ட்டத்தின் இன்னொரு காதல் பெரணிகள்! மலாயாவின் பெரணிகள் எல்லாவற்றையும் தொகுத்து 1950-களின் நடுவில் அவர் வெளியிட்ட பெருநூல் இன்றும் இந்த வட்டாரத்துப் பெரணி ஆய்வாளர்களின் மேசையில் இருக்கிறது.

செடிகளுக்கு ஒத்திகை நடந்த இன்னோர் இடமும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அலெக்சாண்ட்ரா சாலையின் மேலே போகும் வளைவுப் பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் இறங்கினால் ஹார்ட்பார்க். 'கார்டன்ஸ் பை தி பே'யின் குளிர்க் கண்ணாடி மாளிகைகள் எழும்புவதற்கு முன், எந்தச் செடி இங்கே தாக்குப்பிடிக்கும் என்று ஒத்திகை பார்த்த மாதிரிக் கண்ணாடி இல்லங்கள் இருந்தது இங்கேதான். இன்று உலகமே படம் எடுத்துப்போடும் அந்த மேகக்காட்டு மலைக்கு முன்னோட்டம் நம் புக்கிட் மேராவின் எல்லையில் நடந்தது என்றால் பெருமையாக இருக்கிறதா இல்லையா?

மரமேறும் தம்பிகள்

சாலையோர மரங்களில் இருக்கும் பெரணிகளைப் பெரும்பாலும் யாரும் தூக்கிக்கொண்டுபோய் வைப்பதில்லை. காற்றில் வந்த வித்து தானே முளைத்ததுதான். தூங்குமூஞ்சி மரம் அதற்கு ஏற்ற வீடு. பட்டை வெடித்துப் பிளந்து சொரசொரப்பாக இருப்பதால் தூள் தங்கும். மழை வரும்போதும் மாலையிலும் சிற்றிலைகள் மடங்கிக்கொள்வதால் மழைநீர் தடையில்லாமல் கிளைக்கு இறங்கும். உதிரும் சிற்றிலைகளோ பொடிப்பொடியானவை. நேராகக் கூடைக்குள் போய்ச் சேரும். தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து 1876-இல் சிங்கப்பூருக்கு வந்த மரம், இந்த ஊர்ப் பெரணிக்கு மடி கொடுத்து வளர்க்கிறது!

ஆனால் கூடை பெருத்துக்கொண்டே போனால்? ஒரு பெரிய மழையில் தண்ணீர் குடித்துக் கனத்து, பட்டையோடு பெயர்ந்து சாலையில் விழுந்துவிடும். அதனால்தான் தூக்கு வண்டியில் ஏறி, கிளைகளையும் பெரணிகளையும் பார்த்துப் பார்த்துக் குறைக்கிறார்கள். அந்த வண்டிக் கூண்டுக்குள் நிற்பவர்களில் எத்தனை பேர் நம் ஊர்த் தம்பிகள் தெரியுமா?

ஹெண்டர்சன் பக்கம் மரம் கழிக்கும் வேலை நடந்த ஒரு காலையில், தேநீர் இடைவேளையில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். நாமக்கல் பக்கத்துக்காரர். பறவைக்கூட்டுப் பெரணியைப் பற்றிக் கேட்டேன். அவரோ அதே கிளையில் இருந்த இன்னொன்றைக் காட்டினார்.

"அதை விடுங்கக்கா. அதுக்குப் பக்கத்துல பாருங்க, கிளையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கே, ரோமம் ரோமமா ஒரு கிழங்கு, தெரியுதா?"

பழுப்புக் காய்ந்த இலைகள் கிளையை ஒட்டிக் கிண்ணமாகக் கவிந்திருக்க, அவற்றுக்கு மேலே வெட்டு வெட்டான பச்சை இலைகள் நீண்டிருந்தன.

"என்ன தம்பி அது?"

"முடவாட்டுக்கால்க்கா! கொல்லிமலைக்குப் போனீங்கன்னா அதுலதான் சூப்பு வச்சுக் குடுப்பாங்க. மொத நாளு வேலைக்கு ஏறினப்ப இதைப் பார்த்துட்டு எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. எங்க ஆத்தாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். 'அடேய், அங்கயும் இருக்காடா'ன்னு அதுக்கு ஒரே சந்தோசம்!"

எனக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை! முடவாட்டுக்கால் என்பது டிரைனேரியா குவெர்சிஃபோலியா என்ற பெரணி. மூட்டுவலிக்கு நல்லது என்று கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் கூடையில் வைத்து விற்பார்களே, அதேதான். சிங்கப்பூர்ச் சாலையோர மரங்களில் அது சர்வசாதாரணம். அதுவும் சருகு பிடிக்கும் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் முறை வேறு. நம் நாயகி தன் பச்சை இலைகளையே புனலாக்குகிறாள். முடவாட்டுக்காலோ சருகு பிடிப்பதற்கென்றே தனியாகக் குட்டைப் பழுப்பு இலைகளை வளர்த்து வைத்திருக்கிறது. ஒரே கிளையில் இரண்டு பொறியாளர்கள், இரண்டு வடிவமைப்பு!

சூப்பு என்றதும் நாக்கில் நீர் ஊறினால் அடக்கிக்கொள்ளுங்கள். பூங்காவிலும் சாலையோரத்திலும் இருக்கும் செடியைப் பறிப்பது இங்கே சட்டப்படி குற்றம்.

ஒரு புட்டியில் முளைத்த வரலாறு

பெரணியை வீட்டுக்குள் கொண்டுவரும் ஆசை எங்கே தொடங்கியது என்று தேடிப் போனால், அது நம் சொந்தக் கதையில் வந்து முடிகிறது. அதுதான் இந்தத் தேடலில் என்னை உலுக்கிய பகுதி.

1829. லண்டனில் நத்தேனியல் பாக்‌ஷா வார்டு என்ற மருத்துவர். ஊரெங்கும் நிலக்கரிப் புகை. அவர் ஆசையாக வளர்த்த பெரணிகள் எல்லாம் கருகின. ஒருநாள், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு போட்டு மூடிவைத்திருந்த கண்ணாடிப் புட்டிக்குள் ஒரு பெரணி தானே முளைத்திருந்தது! மூடிய புட்டிக்குள் ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் படிந்து, மறுபடி மண்ணுக்கே இறங்கியதால் செடி பிழைத்தது. அதைப் பெரிதாக்கிச் செய்ததுதான் வார்டு பெட்டி.

அதற்குப் பிறகு இங்கிலாந்துக்குப் பெரணிப் பித்துப் பிடித்தது. வரவேற்பறை தோறும் கண்ணாடிப் பெட்டி, பெட்டி தோறும் காட்டுப் பெரணி. 1855-இல் சார்லஸ் கிங்ஸ்லி என்ற எழுத்தாளர் அந்த மோகத்துக்குப் பெயரே சூட்டிவிட்டார். கூடை கூடையாகக் காட்டிலிருந்து பிடுங்கியதில் கில்லர்னி பெரணி என்ற அபூர்வ இனம் பல இடங்களில் துடைத்தெடுக்கப்பட்டது. அழகுக்காகத் தொடங்கியது அழிவில் முடிந்தது.

அந்தப் பெட்டி பெரணியோடு நிற்கவில்லை. 1876-இல் பிரேசிலின் ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தபோது, ஏறத்தாழ 1,900 கன்றுகள் 38 வார்டு பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. மறு ஆண்டு, 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் பூமலைக்கு வந்து சேர்ந்தன. 1888-இல் அந்தத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி மரத்துக்குக் கேடு வராமல் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்து, தோட்ட முதலாளிகளைத் துரத்தித் துரத்தி ரப்பர் நடச் சொன்னார். பிறகு மலாயா முழுக்க ரப்பர். ரப்பரைச் சீவத் தமிழர்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் பாட்டன் பூட்டன்களின் பயணத்துக்குப் பின்னால், புகை மண்டிய ஒரு நகரத்தில் புட்டிக்குள் முளைத்த ஒரு பெரணி நிற்கிறது! அந்த ரிட்லியே பின்னாளில் மலாய்த் தீபகற்பத்தின் பெரணிகளைப் பட்டியலிட்டு 1926-இல் வெளியிட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இனிமேல் பெரணியைச் சும்மா ஒரு தொட்டிச் செடி என்று எப்படிச் சொல்வது?

தாழ்வாரத்து ராணிக்குப் பணிவிடை

இப்போது வீட்டுக்கு வருவோம். தியோங் பாரு, ரெட்ஹில் பக்கத்துச் சந்தைகளிலும் செடிக்கடைகளிலும் நம் நாயகிக்கு எத்தனை வேடம்! அகலமான பளபள இலைக்காரி பழைய குடும்பம். இலை முழுக்கக் கொசுவம் வைத்து மடித்த 'கிரிஸ்பி வேவ்' ஜப்பானிலிருந்து வந்தவள். நுனி பிளந்து கொண்டை விரித்தவள் ஒருத்தி, பச்சையில் வெள்ளைக் கோடு இழுத்தவள் ஒருத்தி. வெள்ளைக் கோட்டுக்காரிக்கு விலை அதிகம். அவளை எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, பழைய குடும்பத்துக்காரியை வாங்கிக்கொண்டு போவார்கள். தேக்காவில் பூ அலங்காரம் செய்பவர்களுக்கும் இந்த இலை தோழி. ரோஜாவுக்குப் பின்னால் இரண்டு இலையை விரித்து வைத்தால் மேடை நிறைந்துவிடும். அறுத்த இலை பல நாள் வாடாது.

வளர்ப்பது எளிது, சில விஷயங்களை மட்டும் மனதில் வைத்தால் போதும். காட்டில் இவள் இருப்பது மரநிழலில். ஆகவே வெளிச்சம் நிறைய, மதிய வெயில் வேண்டாம். சுட்டால் இலை வெளுத்துப் பழுப்புத் திட்டு விழும். களிமண்ணில் நட்டால் வேர் மூச்சுத் திணறும். தேங்காய் மட்டைத் துண்டும் மரப்பட்டையும் கலந்து நட்டால் குதூகலிப்பாள். மரக்கட்டையில் தேங்காய் நாரை வைத்துக் கட்டிச் சுவரில் மாட்டினால் இன்னும் கம்பீரம். வீட்டுக்குள் வைத்தால் நடுப்பள்ளத்தில் தண்ணீர் தேங்கும்படி ஊற்றாமல் ஓரமாக ஊற்றுங்கள். காற்றோட்டம் இல்லாத இடத்தில் குருத்து அழுகிவிடும். இளம் இலைகளை விரலால் நிமிண்டாதீர்கள். சுருள் விரிவதற்கு முன் பட்ட நகக்குறி, ஒரு மீட்டர் இலையான பிறகும் மறையாது.

அக்கம்பக்கத்துக்கும் மரியாதை வேண்டும். வீவக தாழ்வாரத்தில் தீயணைப்புப் படைக்கு வழிவிட 1.2 மீட்டர் அகலம் காலியாக இருக்க வேண்டும். நம் ராணி பக்கவாட்டில் விரிகிறவள்; வாங்கும்போதே அதைக் கணக்கில் வையுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தேங்கும் நீரை அன்றாடம் கொட்டுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு அந்த ஒரு கரண்டித் தண்ணீர் போதும், டெங்கிக்கு வாசல் திறக்க.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. செடியின் நடுவில் நாலு காய்ந்த இலை விழுந்ததும் அசிங்கம் என்று பொறுக்கிப் போடுகிறோமே, அதை நிறுத்துவோம்! அது குப்பை இல்லை, சாப்பாடு. பளிச்சென்று துடைத்து வைத்த பெரணி பட்டினி கிடக்கும் பெரணி. உரப் பொட்டலம் வாங்குவதற்கு முன், திறந்தவெளியில் வைத்திருக்கும் செடிக்கு நடுப்பள்ளத்தில் கொஞ்சம் காய்ந்த சருகை விட்டுவையுங்கள். போகப்போகப் புது இலைகளின் அகலத்தைப் பார்த்து நீங்களே துள்ளுவீர்கள்.

அடுத்த ஞாயிறு எங்கே?

1971 நவம்பர் 7. சிங்கப்பூரின் முதல் மரம் நடும் நாள். அப்போது தற்காலிகப் பிரதமராக இருந்த கோ கெங் சுவீ மவுண்ட் ஃபேபர் உச்சியில் ஒரு கன்றை நட்டார். என்ன மரம்? தூங்குமூஞ்சி மரமேதான்! நகரத்தைப் பச்சையாக்க நட்ட மரங்களில் யாரும் கேட்காமலேயே பெரணிகள் வந்து குடியேறின. அவற்றுக்குள் எறும்பும் ஆந்தையும் குடியேறின. வெட்டி எறிந்திருக்கலாம். எறியாமல், பாரத்தை மட்டும் குறைத்து, வாழ விட்டிருக்கிறார்கள். சாலையோர அழகு என்று நாம் நினைப்பது, காட்டின் ஒரு துண்டு நகரத்துக்குள் உயிரோடு நடத்தும் குடித்தனம்.

ஆகவே அடுத்த ஞாயிறு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டியில் இறங்கி, மாராங் படிக்கட்டு வழியாக மவுண்ட் ஃபேபர் ஏறி, ஃபாரஸ்ட் வாக் வரை நடந்து வாருங்கள். கூடைகளை மேலிருந்து எண்ணச் சொல்லுங்கள். முடவாட்டுக்காலை முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஐஸ்கிரீம்! காட்டிலிருந்து ஒரு இலையைக்கூடக் கொண்டுவர வேண்டாம். திரும்பும் வழியில் நாற்றுப்பண்ணையில் வளர்த்த சின்னத் தொட்டி ஒன்றைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் இலையைத் திருப்பி முதுகைக் காட்டி, பீரங்கிக் கதையைச் சொல்லுங்கள். அப்புறம் பாருங்கள், பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும் அதன் குருத்து எவ்வளவு விரிந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் எந்தப் பிள்ளையும் மின்தூக்கியில் ஏறாது!